முதுகெலும்பு இணைப்பு அறுவைக்குப் பிறகு: எந்த ஸ்கேன், எப்போது, எதைக் கையில் கொண்டு போக வேண்டும்?

முதுகெலும்பு இணைப்பு அறுவை, அதாவது ஸ்பைனல் ஃபியூஷன், முடிந்து வீடு திரும்பியவர்களுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். என் அம்மாவுக்கு இடுப்புப் பகுதியில் எல்4, எல்5 எனப்படும் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளை இணைத்தார்கள். அறுவையைப் பற்றி முன்கூட்டியே நிறையச் சொன்னார்கள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் எடுக்க வேண்டிய படங்களைப் பற்றி யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. எக்ஸ்-ரேயில் எல்லாம் சரி என்றார்கள், அம்மாவுக்கோ வலி விடவில்லை. எம்ஆர்ஐ எடுத்தால் எலும்பு கூடியதா என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. வேறு மருத்துவரிடம் காட்டப் போனால் பழைய படங்கள் எங்கே என்றார்கள். எந்தப் படம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்று தெரிந்துகொண்டால் இந்த அலைச்சலில் பெரும்பகுதி உங்களுக்கு மிச்சமாகும்.

என்ன எடுப்பது, எப்போது எடுப்பது என்ற முடிவு உங்கள் அறுவை மருத்துவருடையது. அவரிடம் போகும்போது சரியான கேள்வியோடும் சரியான காகிதங்களோடும் போக இது உதவும்.

1. கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

"ஆபரேஷன் சரியாக ஆகியிருக்கிறதா?" என்று நாம் ஒன்றாகக் கேட்பதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. ஸ்க்ரூ, ராடு, இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே வைக்கும் கேஜ் என்ற சின்னக் கூடு எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றனவா? எலும்பு கூடிவிட்டதா? நரம்பை ஏதாவது அழுத்துகிறதா? உள்ளே தொற்று இருக்கிறதா? முதல் கேள்விக்கு எக்ஸ்-ரே போதும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் சிடி ஸ்கேன் வேண்டும். மூன்றாவதும் நான்காவதும் எம்ஆர்ஐயின் வேலை. தொற்றுக்கு ரத்தப் பரிசோதனையும் சேரும்.

முதல் இரண்டையும்தான் எல்லாரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்க்ரூவும் ராடும் எலும்பைக் கூட்டுவதில்லை. கான்கிரீட் இறுகும் வரை முட்டுக் கொடுத்து நிறுத்துவது போல, வைத்த ஒட்டு எலும்பு வளர்ந்து இரண்டு முள்ளெலும்புகளையும் ஒன்றாக்கும் வரை அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் அவற்றின் வேலை. எலும்பு கூடாமலே போனால் அந்தப் பளு முழுவதும் உலோகத்தின் மேல் விழும். நாளடைவில் ஸ்க்ரூ தளரலாம், ராடு உடையலாம். ஆகவே "ஸ்க்ரூ நன்றாக இருக்கிறது" என்ற பதிலை "எலும்பு கூடிவிட்டது" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2. காகிதங்களை முதல் வாரத்திலேயே சேர்த்துவிடுங்கள்

மருத்துவமனையை விட்டு வெளியே வந்த பிறகு இவற்றைக் கேட்டு வாங்குவது கடினம். டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாருக்கும் கிடைத்துவிடும். அதில் விவரம் குறைவாகத்தான் இருக்கும். நீங்கள் தனியாகக் கேட்க வேண்டியது ஆபரேஷன் நோட்ஸ். எந்தெந்த எலும்புகளை இணைத்தார்கள், முன்பக்கமாகவா பின்பக்கமாகவா போனார்கள், ஒட்டு எலும்பு நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்ததா, தானமாக வந்ததா, செயற்கைப் பொருளா, எலும்பு வளர்க்கும் பிஎம்பி என்ற புரதம் சேர்த்தார்களா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

பிஎம்பி விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் முக்கியம். அது வைத்த இடத்தில் முதல் சில மாதங்களில் கேஜைச் சுற்றியுள்ள எலும்பு அரித்தது போல ஸ்கேனில் தெரியலாம். விவரம் தெரியாமல் படம் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் தொற்றோ என்று சந்தேகப்படுவார். விவரம் தெரிந்தவர் சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்பார்.

அடுத்தது இம்ப்ளான்ட் அட்டை, அல்லது உள்ளே வைத்த பொருள்களின் ஸ்டிக்கர்கள் ஒட்டிய தாள். தயாரித்த நிறுவனம், மாடல், எண், என்ன உலோகம் என்பவை அதில் இருக்கும். எம்ஆர்ஐ எடுக்கும் இடத்தில் முதலில் கேட்பது இதைத்தான். எலும்பு வளர்ச்சிக்கென்று மின்தூண்டல் கருவி ஏதாவது உள்ளே வைத்திருந்தால் அதன் அட்டை தனியாக வேண்டும். அது இல்லாமல் எம்ஆர்ஐ அறைக்குள் போகவே கூடாது.

படங்களில் இரண்டு தொகுதிகள் கட்டாயம்: அறுவைக்கு முன் எடுத்தவை, அறுவை முடிந்தவுடன் எடுத்த முதல் எக்ஸ்-ரே. அந்த முதல் எக்ஸ்-ரேதான் அளவுகோல். கேஜ் எலும்புக்குள் இறங்கியிருக்கிறதா, ஸ்க்ரூ நகர்ந்திருக்கிறதா என்பதையெல்லாம் பின்னால் அதோடு வைத்துத்தான் சொல்ல முடியும். ஃபிலிமை மொபைலில் படம் பிடித்து அனுப்பினால் அளந்து பார்க்க முடியாது. வட்டிலோ பென்டிரைவிலோ டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். வாங்கிய அன்றே கணினியில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். வெறும் வட்டு வந்ததாகப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு இடத்திலும் நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி பதிவாகட்டும். ஒரு இடத்தில் இனிஷியல் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால் என்றிருந்தால் பழைய படம் கணினியில் கிடைக்காது. காப்பீட்டுக்காரர்களும் அதையே காரணம் காட்டுவார்கள்.

3. எப்போது எதை எடுப்பார்கள்

மருத்துவருக்கு மருத்துவர் கொஞ்சம் மாறும். பொதுவாக வழக்கம் இப்படி இருக்கும்:

- அறுவை முடிந்த சில நாளில்: எக்ஸ்-ரே. பொருள்கள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க.
- 6 வாரம்: எக்ஸ்-ரே. ஏதாவது நகர்ந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். எலும்பு கூடியதா என்று இப்போது கேட்பதில் பொருளில்லை.
- 3 மாதம்: எக்ஸ்-ரே. எலும்பு வளரத் தொடங்கிய அடையாளம் சிலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது.
- 6 மாதம்: எக்ஸ்-ரே, தேவைப்பட்டால் குனிந்து நிமிர்ந்து எடுக்கும் படம். சந்தேகமோ வலியோ இருந்தால் சிடி.
- 12 மாதம்: கூடியதா இல்லையா என்று ஓரளவு உறுதியாகப் பேசும் நேரம் இது. சிலருக்கு 24 மாதம் வரை எலும்பு முதிர்ந்துகொண்டே இருக்கும்.

வலி கூடினால், விழுந்துவிட்டால், கால் மரத்தால் இந்த அட்டவணை செல்லாது. உடனே கேளுங்கள்.

ஆறாவது மாத ரிப்போர்ட்டில் "முழுமையாகக் கூடவில்லை" என்று வந்தால் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். அந்தக் கட்டத்தில் பலருக்கு எலும்பு பாதி வழியில்தான் இருக்கும். புகைப்பவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட மட்டங்களில், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட முள்ளெலும்பு ஜோடிகளில், இணைப்புச் செய்தவர்கள் ஆகியோருக்கு இன்னும் தாமதமாகலாம். புகைப் பழக்கம் இருப்பவர் வீட்டில் இருந்தால் அடுத்த ஸ்கேனுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன் அதை நிறுத்த வையுங்கள். எலும்பு கூடுவதைக் கெடுப்பதில் நிகோட்டினுக்கு முக்கியப் பங்கு உண்டு.

4. சாதாரண எக்ஸ்-ரே: நின்று எடுக்கச் சொல்லுங்கள்

இடுப்பு எக்ஸ்-ரேயை முடிந்தவரை நின்ற நிலையில், நேராகவும் பக்கவாட்டிலும் எடுக்க வேண்டும். உடல் எடை முதுகெலும்பின் மேல் இறங்கும்போதுதான் வளைவும் நகர்வும் தெரியும். ஒருமுறை நின்றும் அடுத்தமுறை படுத்தும் எடுத்தால் இரண்டையும் ஒப்பிட்டு எதுவும் சொல்ல முடியாது. சீட்டில் "நின்ற நிலையில்" என்று எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். கூட்டம் அதிகமான நாளில் படுக்க வைத்து எடுத்து அனுப்பிவிடுவார்கள்.

வீட்டில் படத்தைப் பார்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பீக் என்ற பிளாஸ்டிக் வகைக் கேஜ் எக்ஸ்-ரேயில் தெரியாது. அது எங்கே இருக்கிறது என்று காட்ட வைத்திருக்கும் சின்ன உலோகப் புள்ளிகளோ குச்சிகளோ மட்டும் தெரியும். கேஜைக் காணோமே என்று பயப்படத் தேவையில்லை.

ஸ்க்ரூவைச் சுற்றிக் கருப்பாக ஒரு வளையம் தெரிகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். அது ஸ்க்ரூ தளர்வதன் அடையாளமாக இருக்கலாம். ஒரே படத்தை வைத்து முடிவு கட்டமாட்டார்கள். அந்த வளையம் முந்தைய படத்தைவிடப் பெரிதாகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. பழைய படம் கையில் இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

5. குனிந்து நிமிர்ந்து எடுக்கும் எக்ஸ்-ரே

இணைத்த இடம் அசைகிறதா என்று பார்க்க, முன்னால் குனிந்து ஒரு படமும் பின்னால் சாய்ந்து ஒரு படமும் எடுப்பார்கள். அறுவை மருத்துவர் குனியலாம் என்று சொன்ன பிறகே இதை எடுக்க வேண்டும். சீட்டில் இருக்கிறதே என்று நாமாக முன்கூட்டிப் போய் எடுக்கக் கூடாது.

இடுப்பில் இரண்டு படங்களுக்கும் இடையே இணைத்த மட்டத்தில் கோண மாற்றம் 5 டிகிரிக்குக் குறைவாகவும், எலும்பு நகர்வு 3 மில்லிமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் கூடியதாக எடுத்துக்கொள்வது பரவலான அளவுகோல். கழுத்தில் அளவு இன்னும் கறாரானது. இணைத்த எலும்புகளின் பின்முனைகளுக்கு இடையிலான தூரம் 1 மில்லிமீட்டர்கூட மாறக் கூடாது என்று பார்ப்பார்கள்.

இந்தப் பரிசோதனையில் பொய்யான நல்ல செய்தி வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஸ்க்ரூவும் ராடும் இறுக்கமாகப் பிடித்திருந்தால் எலும்பு கூடாவிட்டாலும் அசைவு தெரியாது. இரண்டாவது, நோயாளி போதுமான அளவு குனியாமல் இருப்பது. அம்மா எக்ஸ்-ரே ஸ்டாண்டின் கம்பியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். முழங்கால் மடங்கியது, தலை தாழ்ந்தது, இடுப்பு மட்டும் பலகை மாதிரி அப்படியே இருந்தது. எடுப்பவர் அதைக் கவனித்து, "முழங்காலை நேராக வைத்துக்கொண்டு எவ்வளவு முடியுமோ அவ்வளவு மட்டும் குனியுங்கம்மா" என்று பொறுமையாகச் சொல்லி மறுபடி எடுத்தார். எல்லா இடத்திலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று நம்ப முடியாது. போகும் முன்பே இதை நோயாளியிடம் சொல்லி வையுங்கள். வலியால் குனிய முடியாவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனால் "வலியால் முழு அளவு குனிய முடியவில்லை" என்று ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள்.

6. சிடி ஸ்கேன்: எலும்பு கூடியதா என்பதற்கு

திறந்து பார்க்காமல் எலும்பு கூடியதை அறிய இன்று நம்பகமான வழி சிடிதான். ஆனால் வெறுமனே "முதுகு சிடி" என்று எடுத்தால் போதாது. மெல்லிய துண்டுகளாக எடுத்து, பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் படங்களை மறு உருவாக்கம் செய்து தர வேண்டும். உலோகம் இருப்பதால் படத்தில் கீற்றுகள் விழும். அதைக் குறைக்கும் மென்பொருள் பல கருவிகளில் உண்டு. அதைப் பயன்படுத்துவீர்களா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். டைட்டானியத்தில் கீற்று குறைவு. ஸ்டீலிலும் கோபால்ட் குரோமிலும் அதிகம்.

மருத்துவர் சொல்லி எழுதும் சீட்டில் இந்த அளவு விவரமாவது இருக்கட்டும்: அறுவை நடந்த தேதி, இணைத்த மட்டம், என்ன வகை இணைப்பு, இப்போது என்ன தொந்தரவு, "எலும்பு கூடியதா, ஸ்க்ரூ தளர்ந்ததா" என்ற நேரடிக் கேள்வி. "முதுகு வலி" என்று மட்டும் எழுதிய சீட்டுக்கு முதுகு வலிக்கான பொதுவான ரிப்போர்ட்தான் வரும். எங்களுக்கு முதலில் வந்தது அப்படித்தான். இரண்டு பக்கம் நிறைய எழுதியிருந்தார்கள். கூடியதா என்பதற்குப் பதில் அதில் இல்லை.

நல்ல படம் எப்படி இருக்கும் என்று அம்மாவின் மருத்துவர் திரையில் காட்டினார். பக்கவாட்டுப் படத்தில் கேஜின் இரண்டு சுவர்கள் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே மேல் எலும்பிலிருந்து கீழ் எலும்பு வரை சாம்பல் நிறத்தில் ஒரு தூண் இறங்கியது. அந்தத் தூணைக் குறுக்கே வெட்டும் கருப்புக் கோடு எங்காவது இருக்கிறதா என்று ஒவ்வொரு துண்டாக நகர்த்திப் பார்த்தார். கோடு இல்லாமல் எலும்பு தொடர்ச்சியாகப் போனால் அது கூடியிருக்கிறது. குறுக்கே கோடு ஓடினால் இன்னும் கூடவில்லை. உங்கள் மருத்துவரிடமும் "அந்தத் தொடர்ச்சியைத் திரையில் காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். ரிப்போர்ட்டின் நீண்ட வாக்கியங்களைவிட அந்த இரண்டு நிமிடம் அதிகம் புரிய வைக்கும்.

கதிர்வீச்சைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். கதிர்வீச்சை அளக்கும் அலகு மில்லிசீவர்ட். இடுப்பு முதுகெலும்பு எக்ஸ்-ரே ஏறக்குறைய 1.5 மில்லிசீவர்ட். சிடி அதைப்போல நான்கு மடங்கோ அதற்கு மேலோ இருக்கும். இயற்கையிலிருந்தே ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. தேவைப்படும் சிடியை இதற்காகத் தவிர்க்க வேண்டியதில்லை. "இன்னொரு முறை எடுத்துப் பார்ப்போமே" என்று மனச்சமாதானத்துக்காக எடுக்கவும் கூடாது. கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தால் எக்ஸ்-ரேக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

7. எம்ஆர்ஐ எதற்கு?

விலை அதிகமான ஸ்கேன் என்பதால் இதிலேயே எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம். எலும்பு கூடியதைச் சொல்வதில் இது சிடிக்குப் பின்னால்தான். நரம்பு அழுத்தம், உள்ளே ரத்தக்கட்டு, சீழ், இணைத்த இடத்துக்கு மேலோ கீழோ உள்ள டிஸ்க் கெட்டுப்போவது ஆகியவற்றுக்கு இதுதான் சரி. கால் வலி திரும்பி வந்தால், அது தழும்பா, மறுபடி பிதுங்கிய டிஸ்க்கா என்று பிரித்தறிய, படத்தில் வேறுபாட்டைக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கச் சொல்வார்கள். அதற்கு முன் சிறுநீரகச் செயல்பாட்டுக்கான ரத்தப் பரிசோதனை கேட்கலாம். அந்த ரிப்போர்ட் இல்லாமல் போய்த் திரும்ப வேண்டாம்.

டைட்டானியம் ஸ்க்ரூ இருந்தாலே எம்ஆர்ஐ கூடாது என்பது தவறு. பெரும்பாலானவர்களுக்கு எடுக்கலாம், அட்டையைக் காட்டி உறுதி செய்தால் போதும். எம்ஆர்ஐ காந்தத்தின் வலிமையை டெஸ்லாவில் சொல்வார்கள். 3 டெஸ்லா கருவி புதியது, நல்லது என்பார்கள். உலோகம் இருக்கும் முதுகுக்கு 1.5 டெஸ்லாவில் பொதுவாகச் சிதைவு குறைவு.

8. எப்போதாவது தேவைப்படும் மற்றவை

காரணம் தெரியாத வலி தொடர்ந்தால் எலும்பு ஸ்கேன், அல்லது அதையே சிடியோடு சேர்த்து எடுக்கும் ஸ்பெக்ட்-சிடி கேட்பார்கள். எலும்பில் போய்ச் சேரும் கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டுச் சில மணி நேரம் கழித்துப் படம் எடுப்பதால் பாதி நாள் ஒதுக்க வேண்டும். அறுவை நடந்த முதல் வருடத்தில் அந்த இடம் இயல்பாகவே ஒளிரும் என்பதால் அதற்குள் எடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். எலும்பு அடர்த்தியை டெக்ஸா என்ற எக்ஸ்-ரே பரிசோதனையில் அளக்கும்போது ஸ்க்ரூ இருக்கும் இடுப்பு மட்டங்களின் எண் தவறாகக் கூடுதலாகத் தெரியும். தொடை எலும்பின் மேல்பகுதியிலோ முன்கையிலோ அளக்கச் சொல்லுங்கள்.

9. செலவும் முன்பதிவும்

வரிசை பெரும்பாலும் இப்படித்தான்: எக்ஸ்-ரே குறைவு, சிடி அதற்கு மேல், எம்ஆர்ஐ அதற்கும் மேல், எலும்பு ஸ்கேன் இடத்துக்கு இடம் மாறும். பட்டியலில் பெரிதாகப் போட்டிருக்கும் தொகையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். எக்ஸ்-ரேயில் ஒவ்வொரு கோணத்துக்கும் தனிக் கட்டணம் இருக்கலாம். நேர், பக்கவாட்டு, குனிந்தது, சாய்ந்தது என்று நான்கு ஆகிவிடும். மருந்து ஏற்றுவது, மறு உருவாக்கப் படங்கள், வட்டு, ஃபிலிம் எல்லாமே கூடுதலாக வரலாம். "எல்லாம் சேர்த்துக் கடைசியில் எவ்வளவு?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

காப்பீடு இருந்தால் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: அறுவைக்குப் பின்னான செலவு எத்தனை நாள் வரை செல்லும், சிடிக்கும் எம்ஆர்ஐக்கும் முன் அனுமதி வேண்டுமா. அந்தக் கெடு ஒரு வருடத்துக்குள் முடிந்துவிட்டால் 12 மாதப் படம் கைக்காசுதான். மருத்துவரின் சீட்டு, ரசீது, ரிப்போர்ட் மூன்றிலும் தேதி பொருந்த வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஸ்கேனை முடித்துவிடுங்கள். ரிப்போர்ட் தாமதமாகும், வட்டு திறக்காது, ஒரு கோணம் விட்டுப்போயிருக்கும். சரிசெய்ய நேரம் வேண்டும். முடிந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் எடுங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டு எழுதுவது அங்கேதான் சுலபம்.

10. ரிப்போர்ட்டைப் படிக்கும்போது

"பிரிட்ஜிங் போன்" என்றால் எலும்பு இரு பக்கத்தையும் இணைத்து வளர்ந்திருக்கிறது. "லூசன்சி" என்றால் கருப்பாகத் தெரியும் இடைவெளி. "சப்சிடென்ஸ்" என்றால் கேஜ் எலும்புக்குள் இறங்கியிருக்கிறது. கொஞ்சம் இறங்குவது பலருக்கு நடப்பதுதான், எவ்வளவு என்று கேளுங்கள். "சூடோஆர்த்ரோசிஸ்" அல்லது "நான்-யூனியன்" என்றால் கூடவில்லை என்று பொருள். ஒரு வருடத்துக்கு முன் அந்தச் சொல் வந்தால் அதை இறுதித் தீர்ப்பாக எடுக்க வேண்டாம். "ஹார்டுவேர் இன்டாக்ட்" என்பது ஸ்க்ரூவைப் பற்றியது மட்டுமே.

மட்டத்தின் எண்ணைச் சரிபாருங்கள். சிலருக்கு இடுப்பு முள்ளெலும்பு ஒன்று கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பது போல அமைந்திருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு ரிப்போர்ட் எல்4-எல்5 என்றும் அடுத்தது எல்5-எஸ்1 (எஸ்1 என்பது எல்5-க்குக் கீழே உள்ள எலும்பு) என்றும் எழுதும், இரண்டும் ஒரே இடத்தைத்தான் குறிக்கும். ஆபரேஷன் நோட்ஸோடு பொருந்தாவிட்டால் மருத்துவரிடம் சொல்லித் திருத்தம் கேளுங்கள்.

கூடவில்லை என்று வந்தாலும் எல்லாருக்கும் மறுபடி அறுவை கிடையாது. வலியே இல்லாமல் கூடாத எலும்போடு நன்றாக நடமாடுபவர்கள் இருக்கிறார்கள். முழுமையாகக் கூடியும் பக்கத்து டிஸ்க்காலோ இடுப்பு மூட்டாலோ வலி வருபவர்களும் இருக்கிறார்கள். படமும் உடம்பும் சேர்ந்து சொல்வதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

11. ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்கக் கூடாதவை

சிறுநீர் போகாமல் நிற்பது அல்லது கட்டுப்பாடில்லாமல் போவது, மலம் கட்டுப்பாடு இழப்பது, உட்காரும் பகுதியும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது, காலில் புதிதாக பலம் குறைவது, குளிர்க் காய்ச்சல், தையல் இடத்தில் நீரோ சீழோ கசிவது, கழுத்து அறுவைக்குப் பிறகு மூச்சுத் திணறலோ விழுங்க முடியாமையோ. இவற்றில் ஒன்று வந்தாலும் முன்பதிவு செய்யப் போன் போட்டுக்கொண்டிருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ஆபரேஷன் நோட்ஸும் இம்ப்ளான்ட் அட்டையும் ஒரு உறையில் போட்டு, வீட்டில் யார் கிளம்பினாலும் எடுக்கத் தோதாகக் கதவருகே வைத்திருங்கள். அவற்றின் படத்தை இரண்டு பேர் மொபைலிலாவது சேமித்துவையுங்கள். இரவில் அவசர எம்ஆர்ஐக்கு அனுப்பும் முன் உள்ளே என்ன உலோகம் இருக்கிறது என்று கேட்பார்கள். பதில் கையில் இருந்தால் அங்கேயே நேரம் மிச்சமாகும்.